ஒரு வசவின் வால்

என்னை முதன்முதலில் ஆங்கிலத்தில் திட்டிய மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வயது ஐம்பதைத் தொடப்போகிறது, சர்க்கரை வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன், ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனசு இளக மாட்டேன் என்கிறது. மன்னித்துவிட்டால் நிம்மதி கிடைக்கும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர்களை யாரும் கம்பெனி முற்றத்தில் நிறுத்தி, அறுபது பேர் பார்க்க, பாதி பேருக்குப் புரியாத மொழியில் திட்டியிருக்க மாட்டார்கள்.

அவர் சொன்னது ஒரே ஒரு சொல். கவர்ட். தமிழில் கோழை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன். ஆங்கிலத்தில் சொன்னதால் அது அழுகையாக வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிட்டது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு, நாரணாபுரம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். என் அத்தை மகளும் கூட வந்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள் என்பதால் எனக்கு மதினி. புஸ்வாணத்துக்குத் திரி வைக்கிற அறையில் நாங்கள் நாலு பேர். பட்டாசுக் கம்பெனியில் அறைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரெதிராக இரண்டு கதவுகள். அவை வெளிப்பக்கமாகத் திறக்கும், வேலை நடக்கும்போது சாத்தக்கூடாது. எல்லாம் ஓடுவதற்காகத்தான். எங்கள் பக்கத்தில் கட்டடம் கட்டும்போதே ஆட்கள் ஓடப்போவதை மனதில் வைத்துத்தான் கட்டுகிறார்கள்.

அங்கே எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு. நெருப்பைக் கண்டால் ஓடு, யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாதே. கூப்பிட்டால் கூப்பிட்டவள் ஒரு நொடி நிற்பாள், பேரைக் கேட்டவள் திரும்பிப் பார்ப்பாள், இரண்டு பேரும் மாட்டிக்கொள்வார்கள். தாயும் மகளுமாக ஒரே அறையில் வேலை பார்த்தாலும் கூப்பிடக்கூடாது. வெளி ஆட்களுக்கு இது கல்நெஞ்சாகத் தெரியும். எங்களுக்கு இது செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போவது மாதிரி சாதாரண ஒழுங்கு.

புரட்டாசி மாதம், தீபாவளி சீசன் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் மழையில் லோடு ஏற்ற லாரி வரவில்லை. கட்டி முடித்த அட்டைப்பெட்டிகள் நனையக்கூடாது என்று, எங்கள் அறையின் கிழக்குக் கதவை ஒட்டி, சன்ஷேடுக்குக் கீழே அடுக்கச் சொன்னார் மேனேஜர். அவர் முதலாளியின் மருமகன். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, வெளியூரில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர், கம்பெனிக்கும் பட்டாசுக்கும் புதுசு. மதினி அப்போதே கேட்டாள்.

"சார், கதவை மறிச்சு அடுக்குறீகளே. நாங்க எங்கிட்டுப் போக?"

"ஒரு மணி நேரம்தாம்மா. லாரி வந்திரும்," என்றார் அவர்.

லாரி அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், அறைக்குள் பொறி விழுந்தது. எங்கிருந்து விழுந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நான் மேற்குக் கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஓடினேன். என் பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் ஓடினார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தபோது கருவேல மரம் வரைக்கும் வந்திருந்தேன், மதினியைக் காணோம்.

அவள் கிழக்குக் கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தவள். பழக்கத்தில் அந்தக் கதவுக்குத்தான் ஓடியிருக்கிறாள். பெட்டிகளைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். நகரவில்லை என்றதும் திரும்பி, எரிகிற அறைக்குள்ளேயே குறுக்காக ஓடி, மேற்குக் கதவு வழியாக வந்து விழுந்தாள். உயிர் போகவில்லை. வலது கை முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும், கூடவே வலது காதும் வெந்துபோயின.

அவளை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது, சட்டை அதைவிட வெளுப்பாக இருந்தது. கூட இருந்தவளைக் கூப்பிடக்கூட இல்லையாமே என்று கத்தினார். அப்புறம் விரலை நீட்டி, "யூ கவர்ட்!" என்றார். அறுபது பேர் நின்றார்கள். பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பது அந்த அறுபது பேருக்கும் தெரியும். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை.

அந்தச் சொல் என்னோடு வீட்டுக்கு வந்தது. அர்த்தம் தெரியாதவர்கள்தான் அதை அதிகம் புழங்கினார்கள். கவர்டு வருது பாரு, கவர்டு அக்கா தண்ணி பிடிக்க வந்திருச்சு, இப்படியே போயிற்று. ஆனைக்குட்டத்தில் சித்தி வீட்டுக்குப் போனேன், அங்கேயும் அது எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. காரியாபட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடிக்கும்போது, தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பொடிசு ஜன்னல் வழியாக அதைச் சொல்லிக் கூப்பிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பள்ளிக்கூட வாத்தியார், அவருக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். விசாரித்த பிறகு அவர்கள் பலகாரத்தைத் தொடவில்லை. எனக்குக் கல்யாணம் பிறகு வேறு இடத்தில் ஆயிற்று, நல்லபடியாகவே ஆயிற்று, ஆனால் அந்தக் காப்பி டம்ளர்களைக் கழுவும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்ததை இங்கே எழுத முடியாது.

தபாலில் பி.ஏ. படித்து, சிவகாசியில் தினசரி காலண்டர் அடிக்கிற அச்சகம் ஒன்றில் புரூஃப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றும் அதே வேலைதான். தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், ராசிபலன், ஒரு வருஷத்துக்கு உண்டான அத்தனை தாளும் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். கேட்கிறவர்களுக்கு, தேதிக்குக் கீழே இரண்டு வரி இடத்தில் சமையல் குறிப்போ, பாட்டி வைத்தியமோ, தினம் ஒரு ஆங்கிலச் சொல்லோ போட்டுக் கொடுப்போம். சொற்களைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. அதற்காக அச்சகத்தில் தலையணை கனத்துக்கு ஒரு ஆங்கில அகராதி இருந்தது. சேர்ந்த முதல் வாரமே, யாரும் பார்க்காத நேரத்தில், நான் அதில் தேடிய சொல் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் அதை எழுதினால் முதல் மூன்று எழுத்தில் பசுமாடு வரும். அதனால் என்னை மாட்டோடு சேர்த்துத் திட்டினார் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். மாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அந்த மொழியில் வாலுக்கு என்ன பெயரோ அதிலிருந்து பிறந்திருக்கிறது. அந்தப் பெயரும் லத்தீனில் வால் என்று அர்த்தமுள்ள சொல்லிலிருந்து வந்ததுதான். எங்கே போய்ப் பார்த்தாலும் வால்தான். வால் எப்படிக் கோழையானது என்பதற்கு இரண்டு விளக்கம் கொடுத்திருந்தார்கள். ஓடுகிற மிருகம் எதிரிக்கு வாலைக் காட்டுகிறது என்பது ஒன்று. பயந்த மிருகம் பின்னங்கால்களுக்கு நடுவே வாலை இடுக்கிக்கொண்டு நிற்கிறது என்பது இன்னொன்று. அந்தக் காலத்துச் சீமைப் பிரபுக்கள் கேடயத்தில் சிங்கப் படம் வரைவார்களாம். வாலை இடுக்கிய சிங்கமாக வரைந்திருந்தால் அதற்கும் இதே பெயர்தானாம். சிங்கமே ஆனாலும் வாலைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அந்தச் சொல்லின் கடைசித் துண்டை. அது ஒரு விகுதி. கெட்ட காரியம் ஒன்றையே வழக்கமாக வைத்திருக்கிறவர்களை இளக்காரமாகச் சொல்ல ஆங்கிலத்தில் அதை ஒட்டுவார்களாம். மொடாக்குடியனுக்கு அவர்கள் வைத்திருக்கிற சொல்லிலும் அதே விகுதி இருக்கிறது. ஒரு நாள் குடித்தவனை யாரும் மொடாக்குடியன் என்று சொல்வதில்லை. அப்படியிருக்க, ஒரு நாள், அதுவும் ஓடுவதற்கென்றே வைத்த கதவு வழியாக ஓடிய என்னை எப்படி அந்தச் சொல்லால் அழைக்கலாம்? மேனேஜருக்கு இங்கிலீஷ் மீடியமும் சரியாக வரவில்லை என்று தெரிந்துகொண்டதில் எனக்குப் பரம திருப்தி.

இரண்டாவது விளக்கமும் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. தீப்பிடித்து மூன்று நாள் கழித்து, திங்கட்கிழமை, விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். அதற்குள் பெட்டிகளையெல்லாம் அப்புறப்படுத்தி, கிழக்குக் கதவுக்கு வெளியே தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள். மேனேஜர் அந்த அதிகாரி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு சார், சார் என்று நின்றதை நான் பார்த்தேன். பெட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. பயந்துபோன பெண் ஒருத்தி முண்டியடித்து ஓடியதால் இன்னொருத்தி மாட்டிக்கொண்டாள் என்று எழுதிக் கொடுத்தார். வாலை இடுக்கிக்கொண்டு நின்றது யார் என்று அகராதி எனக்குச் சொல்லிவிட்டது. ஊருக்கு எப்போது சொல்வது என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளை அவரே கொண்டுவந்து கொடுத்தார். ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் வேலைக்குப் பூஜை போடுவார்கள். போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் அப்படிப் பூஜை முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் ஆர்டரோடு வந்தார். மாமனார் காலமாகிவிட்டார். இவர் தனியாகத் தொடங்கிய கம்பெனிக்கு வெள்ளிவிழா. தலையில் முடி இல்லை, மற்றபடி அதே வெள்ளைச் சட்டை. கும்பிட்டபடி இருக்கிற தன் படத்தை மேலே போட்டு தினசரி காலண்டர் வேண்டும் என்றார். டீலர்கள், தொழிலாளிகள், டீக்கடைகள், எல்லாருக்கும் கொடுக்கப் போகிறாராம்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எந்த ஊர் மேடம் என்று கேட்டார். நாரணாபுரம் என்றேன்.

"அப்படியா! அங்கனதான் மேடம் நம்ம பழைய யூனிட் இருந்துச்சு," என்றார் சந்தோஷமாக.

தேதிக்குக் கீழே என்ன போடலாம் என்று கேட்டேன். தினம் ஒரு ஆங்கிலச் சொல் போடுங்க மேடம், தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் முன்னுக்கு வரணும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சுண்டல் இன்னொரு தொன்னை வாங்கிச் சாப்பிட்டேன்.

முந்நூற்று அறுபத்து நாலு நாளுக்கு யோக்கியமான சொற்களைப் போட்டேன். பொறுமை, உழைப்பு, நன்றி, சுத்தம் என்று எல்லாம் வந்தன. புரட்டாசியில் அந்த ஒரு தேதிக்கு மட்டும் இப்படி எழுதினேன்: 'கவர்ட்: கோழை. வால் என்னும் பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது. ஆபத்தைக் கண்டு ஓடுகிறவர் அல்லர்; உண்மை தெரிந்தும் பெரியவர்கள் முன்னால் வாலை இடுக்கிக்கொண்டு நிற்கிறவர்.' எழுதிவிட்டு மூன்று முறை புரூஃப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக வேறு எந்த இரண்டு வரியையும் நான் திருத்தியதில்லை.

புரூஃபை ஆர்டர் கொடுத்தவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் அச்சக வழக்கம். முழுக் கட்டையும் அவர் மேஜைக்கு அனுப்பினேன். மேல் தாளில் தன் படம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஓகே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். உள்ளே எதையும் படிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

தை பிறந்ததிலிருந்து அந்தக் காலண்டர் போகாத இடமில்லை. பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தால் கல்லாவுக்கு மேலே அவர் கும்பிட்டுக்கொண்டிருப்பார். சலூன், மாவு மில், ஜவுளிக்கடை, எங்கே போனாலும் அவர்தான். நான் மனதுக்குள் நாளை எண்ணிக்கொண்டு, கும்பிடுங்க, நல்லாக் கும்பிடுங்க என்று சொல்லிக்கொள்வேன். ஒரு மனிதரை வெறுப்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

அந்தத் தேதியும் வந்தது. அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, காலையிலேயே நாரணாபுரத்துக்கு மதினியிடம் போனேன். கை வெந்த பிறகு அவளால் கம்பெனி வேலைக்குப் போக முடியவில்லை. விரல்கள் மடங்கினபடியே நின்றுவிட்டன. ரோட்டோரத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். அவள் கடையிலும் அந்தக் காலண்டர் தொங்கியது, கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரி கொடுத்ததாம். எந்த மனிதரின் படம் என்று தெரிந்தேதான் மாட்டியிருந்தாள். தேதி பார்க்க ஒன்று வேணும்ல என்று சொல்லியிருந்தாள்.

"தேதியக் கிழிங்க மதினி," என்றேன்.

இடது கையால் முந்தின நாள் தாளைக் கிழித்தாள். நான் படிக்கச் சொன்னேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி, நிதானமாகக் கடைசி வரை படித்தாள்.

"நீ எழுதுனதா?"

"ஆமா."

"யாருக்கு எழுதுன?"

"அவருக்குத்தான். போட்டோவுக்கு நேர் கீழ போட்டிருக்கேன் பாருங்க. இன்னிக்குத் தேதி ஞாபகம் இல்லையா உங்களுக்கு?"

"எனக்கா ஞாபகம் இல்ல?" என்று மதினி என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் தாளைப் பார்த்தாள். "உண்மை தெரிஞ்சும் பெரியவுக முன்னால நிக்கிறவுக. ஏண்டி, திங்கக்கிழமை அந்த ஆபீஸர் முன்னால ரெண்டு பேரு நின்னீகளாம்ல?"

இதுவரை நான் எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்த இடம் இதுதான். அந்தத் திங்கட்கிழமை மேனேஜருக்குப் பக்கத்தில் நானும் நின்றேன். அதிகாரி நல்ல மனிதர். ஆங்கிலமெல்லாம் பேசவில்லை. கிழக்குக் கதவுப் பக்கம் ஏதாவது அடுக்கி வச்சிருந்தாங்களாம்மா, பயப்படாமச் சொல்லு என்று தமிழில், தன்மையாகக் கேட்டார். அய்யா என்று நான் கூப்பிடுகிற என் அப்பா அதே கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் சீசன் நேரத்தில் கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள், ஊரே நம்மைத்தான் ஏசும் என்று முந்தின நாள் அய்யா என்னிடம் சொல்லியிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். கிழக்குக் கதவு ஓரத்துத் தரை ஈரமாக இருந்தது. இல்ல சார் என்றேன்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவளுக்கு இதை யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. முப்பது வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட என்னிடம் கேட்டதில்லை, கேட்காததால் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஊரில் நாய்களைப் பார்த்திருக்கிறேன். தலைதெறிக்க ஓடுகிற நாய்க்கு வால் பின்னால் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். ஓடாமல், சோறு போடுகிறவருக்குப் பயந்து அவர் முன்னால் நிற்கிற நாய்தான் வாலை இடுக்கும். வெள்ளிக்கிழமை ஓடியதைப் பற்றி முப்பது வருஷமாக மனதுக்குள் வழக்காடிக்கொண்டிருந்த நான், திங்கட்கிழமை நின்றதைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

"மதினி..." என்று ஆரம்பித்தேன்.

"யாவார நேரம். தள்ளி நில்லு," என்றாள் அவள்.

நேராக பஸ் ஏறி சிவகாசியில் அவருடைய ஆபீசுக்குப் போனேன். ஒரே ஹால். ஓரத்தில் அவர் மேஜை, சுவரில் மாலை போட்ட மாமனார் படம், வரிசையாகக் கணக்கு எழுதுகிறவர்கள், டெஸ்பாட்ச் பார்க்கிறவர்கள். எண்ணினேன், பதினோரு பேர்.

"வாங்க மேடம்! அடுத்த வருஷத்துக் காலண்டர் சாம்பிள் ஆல்பம் வந்திருச்சா?"

"இன்னிக்குத் தேதித் தாள் பாத்தீகளா?"

சுவரில் முந்தின நாள் தாள்தான் இருந்தது. ஒரு பெண் எழுந்து போய்க் கிழித்தாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"நல்லாருக்கே. பிள்ளைகளுக்கு உபயோகமா இருக்கும்."

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? ஒரு வருஷத்துக்கு மேலாக நான் பார்த்துப் பார்த்துத் தீட்டிய கத்தியை வாங்கி, நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இன்னிக்கு என்ன நாளுன்னு தெரியுதா?"

"கிருத்திகையா?"

அவருக்கு நிஜமாகவே ஞாபகமில்லை. என் மதினியின் கை வெந்த நாள் அவருக்குக் கிருத்திகையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இனி ஜாடையாகப் பேசிப் பிரயோசனமில்லை என்று தெரிந்தது. நான் உட்காரவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன்.

"முப்பது வருஷத்துக்கு முந்தி இதே நாளு, நாரணாபுரம் யூனிட்ல தீப்பிடிச்சுச்சு. எங்க மதினி கை போச்சு. கிழக்குக் கதவை மறிச்சு நீங்க பெட்டி அடுக்கச் சொல்லியிருந்தீக. மூணு நாளா அங்கனதான் இருந்துச்சு. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

கணக்கு எழுதுகிறவர்கள் நிமிர்ந்தார்கள். மெதுவாகப் பேசுங்கள் என்று அவர் கையைக் காட்டினார். அப்புறம் ஏதோ நினைவு வந்தவர் மாதிரி முகம் தெளிந்து, லேசாகச் சிரித்தார்.

"அப்படி அடுக்கியிருந்தா அன்னிக்கே ஆபீஸர்கிட்டச் சொல்லியிருக்கலாமே மேடம்? எல்லாரையும் விசாரிச்சாரே."

"சொல்லல," என்றேன். "கேட்டாரு. இல்ல சார்னு பொய் சொன்னேன். எங்கய்யா வேலை போயிரும்னு பயந்துட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சிரிப்பு போய்விட்டது. நான் மறைப்பேன் என்று நினைத்து வீசிய கல்லை நானே எடுத்து வைத்துக்கொண்டேன், இனி வீச அவரிடம் ஒன்றும் இல்லை. சுவரில் இருந்த மாமனார் படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"மாமாதான் அங்க அடுக்கச் சொன்னாங்க. எனக்கு அப்பத்தான் கல்யாணமாகியிருந்துச்சு. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்ல?"

செத்தவர் படம் முன்னால்கூட அந்த மனிதருக்கு வால் நிமிரவில்லை. இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

"இதை எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? மதினி நாரணாபுரத்துலதான் கடை வச்சிருக்காக. வாங்க, இப்பவே வந்து அவுககிட்டச் சொல்லுங்க. நானும் கூட வாரேன்."

பதினோரு பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் மேஜை மேல் இருந்த போனை எடுத்தார், வைத்தார். மத்தியானம் டீலர் மீட்டிங் இருக்கு மேடம், இன்னொரு நாள் பாப்போம் என்றார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முப்பது வருஷமாக வாய்க்குள்ளேயே சொல்லிப் பழகி வைத்திருந்த அந்த ஆங்கிலச் சொல்லை அப்போது சொன்னேன். கத்தவில்லை, விரல் நீட்டவில்லை, கடைசி மேஜைக்குக் கேட்கிற அளவுக்கு நிறுத்திச் சொன்னேன். நன்றாக இருந்தது. இப்போது நினைத்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

திரும்பி மதினி கடைக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. அவள் பீடிக்கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கே போனேன் என்று கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

"வாரேன்னானா?"

"டீலர் மீட்டிங்காம்."

"வரமாட்டான்." கொஞ்ச நேரம் அடுக்குவதைத் தொடர்ந்தாள். "எல்லாரு முன்னாலயுமா சொன்ன?"

"பதினோரு பேரு இருந்தாக."

"ஆபீஸர்கிட்டப் பொய் சொன்னேன்னுமா?"

"அதையும் சொன்னேன் மதினி."

அவள் பீடிக்கட்டைக் கீழே வைத்தாள். எனக்கு ஒரு சோடாவை உடைத்து நீட்டினாள்.

"அவன் வந்து சொல்லுவான்னா இம்புட்டு வருஷமா இங்கன உக்காந்திருந்தேன்?" என்றாள். "நீ வருவேன்னுல்ல பாத்துக்கிட்டு இருந்தேன்."

இந்த முப்பது வருஷமும் வாரத்துக்கு ஒரு தடவை நான் அந்தக் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.